மரம் யாருது?

வர்தா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, மரம் வெட்டுகிறவர் ஒருவர் எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் அரிவாள், பின்னால் ஒரு பையன், அவன் தோளில் மெஷின் ரம்பம். கிடந்த மரத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மரம் யாருது சார்?"

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேர் பக்கத்து வீட்டு மண்ணில் இருந்தது. அடிமரம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த காம்பவுண்டுச் சுவரைப் பத்தடி நீளத்துக்கு இடித்துவிட்டு அதன் மேலேயே படுத்திருந்தது. கிளைகள் எங்கள் கார் ஷெட்டின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு காரின் கூரை மேல் இறங்கியிருந்தன. மயில்கொன்றை. மே மாதத்தில் தெருவே சிவக்கும் அளவுக்குப் பூக்கும். அந்தப் பூவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட வரைக்கும் அது யார் மரம் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளில் அதே கேள்வியை மாநகராட்சி ஆட்கள் கேட்டார்கள், ஈ.பி. லைன்மேன் கேட்டார், இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். அது தப்பான கேள்வி என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. முதலமைச்சர் ஜெயலலிதா இறந்து சரியாக ஒரு வாரம். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம். ஊரே ஏற்கெனவே ஒரு மாதிரி அசந்துபோய்க் கிடந்தது. காலையிலிருந்தே காற்று. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் புயல் கரையைக் கடந்தபோது நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஜன்னல் கதவுகளைத் துணி வைத்துக் கட்டியிருந்தோம். முதலில் வடக்குப் பக்கமிருந்து அடித்தது. மயில்கொன்றை பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து அப்பா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினார். அம்மா விடவில்லை. நல்லவேளை. காற்று திசை மாறித் தெற்கிலிருந்து ஆரம்பித்தது.

மரம் முறியும்போது சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று நினைத்திருந்தேன். இது முறியவில்லை, பெயர்ந்தது. அடியில் மண் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவதை ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். நாலைந்து முறை ஏறியது. கடைசியாக ஏறியபோது இறங்கவில்லை. வேர்த்தட்டு அப்படியே வட்டமாக, ஒரு சப்பாத்திக் கல்லைத் தூக்கி நிறுத்தின மாதிரி எழுந்து நின்றது. மரம் மெதுவாக, கிட்டத்தட்ட மரியாதையாக, எங்கள் கார் மேல் படுத்தது.

அன்று சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. விழுந்தவற்றில் மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி இவைதான் எங்கே பார்த்தாலும் கண்ணில் பட்டன. சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் என்று நட்ட மரங்கள். எங்கள் தெரு முனையில் இருந்த இரண்டு பனை மரமும் ஒரு ஓலையைக்கூட முழுசாக இழக்காமல் நின்றன.

மரம் வெட்டுகிறவர் எட்டாயிரம் கேட்டார். ரொக்கமாக. அப்போது வங்கியில் வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ஏ.டி.எம்.மில் நாளுக்கு 2,500. அதுவும் மின்சாரம் இருந்தால். தெருவில் நாலு வீட்டில் கடன் வாங்கி, புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு மூன்றும் நூறு ரூபாய்த் தாள் கொஞ்சமும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் ரம்பத்தை எடுக்கும் முன் சொன்ன ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவரை நினைத்துக்கொள்வேன்: "சார், காருக்கு இன்ஷூரன்ஸ் கீதா? அப்ப மொதல்ல போட்டோ எடுத்துக்க. வெட்டிட்டா கேஸு போச்சு."

எடுத்தேன். வேர்த்தட்டையும் எடுத்தேன், ஏனோ தெரியாமல். வேர்த்தட்டின் ஒரு பக்கம் வேர்கள் நீளமாகப் பிய்ந்திருந்தன. இன்னொரு பக்கம் நேர்கோட்டில் வெட்டின மாதிரி மொட்டையாக இருந்தது. அடிமரத்தின் உள்ளே ஈரப் பஞ்சு மாதிரிப் பழுப்பாக ஏதோ இருந்தது. விரலை வைத்தால் உள்ளே போயிற்று.

கார் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

2012 ஆகஸ்டில் வாங்கின வேகன்ஆர். சட்டப்படி எல்லா வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுப்பதற்கு. நம் வண்டி மேல் மரம் விழுந்தால் அதில் ஒரு பைசா வராது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்கு இது அன்றைக்குத்தான் தெரிந்தது. "இன்ஷூரன்ஸ் கரெக்டா கட்டிட்டுத்தாங்க வரேன்" என்றார் ஒருவர். கட்டியிருந்தார், தர்ட் பார்ட்டி மட்டும். பழைய வண்டிக்கு எதற்கு முழுப் பாலிசி என்று ஏஜென்டே சொன்னாராம்.

எனக்கு இருந்தது பேக்கேஜ் பாலிசி. சொந்தச் சேதம் என்று ஒரு பகுதி அதில் உண்டு. புயல், வெள்ளம், சூறாவளி எல்லாம் பெயர் சொல்லி எழுதியிருக்கும். அதோடு வெளியிலிருந்து வரும் எதிர்பாராத விபத்து என்றும் ஒரு வரி இருக்கும். அதனால் காருக்கு ஒரு வசதி: புயலே இல்லாமல், வெயில் காலத்தில் சும்மா நின்ற மரம் சும்மா விழுந்தாலும் பணம் உண்டு. மரம் யாருடையது என்பதும் முக்கியமில்லை. இருந்தும் சர்வேயர் கேட்டார். படிவத்தில் ஒரு கட்டம் இருந்ததாம்.

எவ்வளவு வந்தது என்பதைக் கணக்காகவே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரும் "முழுசா கொடுத்துடுவாங்க" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரியையும் பழைய இரும்புக்குக் கழித்ததையும் விட்டுவிட்டு, ரவுண்டாகச் சொன்னால் பில் 77,500. இதில் கூரை, பானெட் மாதிரி தகரச் சாமான்கள் 38,000. வண்டிக்கு வயது நாலு தாண்டியிருந்ததால் உலோகத்தில் 35 சதவீதம் தேய்மானம், அதாவது 13,300 என் தலையில். பிளாஸ்டிக், ரப்பர் சாமான் 8,000. அதில் வயது பார்ப்பதில்லை, சரிபாதி என்னுடையது, 4,000. முன் கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது, 5,500 முழுசாகக் கிடைத்தது. பெயின்ட் கூலி 12,000. இதில் கால் பங்கைப் பெயின்ட் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,500. ஒர்க்ஷாப் கூலி 14,000 முழுசாக வந்தது. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை சின்ன காருக்கு ஆயிரம். ஆக 19,800 நான் கட்டினேன், மிச்சம் 57,700 கம்பெனி கட்டியது.

இதோடு முடியவில்லை. நாலு வருடம் கிளெய்ம் இல்லாததால் எனக்கு 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி, ஏறியிருந்தது. அடுத்த ஆகஸ்டில் 50 ஆகியிருக்கும். கிளெய்ம் போட்டதும் பூஜ்ஜியம். பரமபதத்தில் பெரிய பாம்பு. சின்னக் கிளை விழுந்து கதவு நசுங்கியதற்கெல்லாம் கிளெய்ம் போடுவதற்கு முன் இந்தப் பாம்பின் நீளத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். படிக்காமல் போட்டேன். அதில் என்ன இருந்தது என்பதைப் பெரியப்பா மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் செங்கல்பட்டில் வக்கீல். "அந்த மரத்துக்காரர் மேல கேஸ் போடற உன் உரிமையை கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்க. உனக்கு குடுத்த காசை அவங்க அவர்கிட்ட கேக்கலாம்." கேட்டார்களா என்றால் இல்லை. ஐம்பத்தேழாயிரத்துக்காக ஒரு பென்ஷன்காரர் மேல் யாரும் வக்கீல் வைக்கமாட்டார்கள். ஆனால் கேட்கலாம் என்பது இருந்தது.

காருக்கு இவ்வளவு. சுவருக்கும் ஷெட்டுக்கும்? ஒன்றுமில்லை. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கவே இல்லை. முப்பது லட்ச ரூபாய்க்கு மேல் பெறுமான கட்டடத்துக்கு ஒன்றும் இல்லை, இரண்டு லட்ச ரூபாய் பெறாத காருக்கு வருடா வருடம் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டால், காருக்குப் போலீஸ் பிடிப்பான்.

எடுத்திருந்தாலும் அப்போதைய வீட்டுப் பாலிசியில் ஒரு வேடிக்கை இருந்தது. தீ மற்றும் சிறப்பு ஆபத்துகள் பாலிசி என்று பெயர். அதில் புயலால் சேதம் என்றால் உண்டு. "மோதல் சேதம்" என்று தனியாக ஒரு தலைப்பும் உண்டு. ஆனால் அங்கே மோத வேண்டியது ரயிலோ, சாலை வாகனமோ, விலங்கோ. மரம் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது டிசம்பர் 12-ஆம் தேதி மரம் சுவர் மேல் விழுந்தால் பணம் உண்டு. காற்றே இல்லாத ஜனவரி மாதத்தில் அதே மரம் உளுத்துப்போய் அதே சுவர் மேல் விழுந்தால் கிடையாது. மாடு முட்டிச் சுவர் விழுந்தால் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் பனம்பழம் எதனால் விழுந்தது என்று சர்வேயர் எழுத வேண்டியிருக்கும், காக்கையா, காற்றா, காம்பு பழுத்ததா என்று. எழுதுகிற பதிலைப் பொறுத்துத்தான் செக்.

2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இது மாறிவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று பாரத் கிருஹ ரக்‌ஷா என்று ஒரு வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. அதன் வாசகத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆத்திரமும் வந்தது. வெளிப் பொருள் எது மோதினாலும் சேதத்துக்குப் பணம் என்று சொல்லிவிட்டு, உதாரணத்துக்கு வாகனம், விழும் மரங்கள், விமானம், சுவர் என்று எழுதியிருக்கிறார்கள். விழும் மரங்கள். பெயர் சொல்லியே. ஐந்து வருடம் முன்னால் எழுதியிருக்கக் கூடாதா?

இன்னொன்றும் அதில் இருக்கிறது. வீடு என்றால் நாலு சுவரும் கூரையும் மட்டும் இல்லை. காம்பவுண்டுச் சுவர், கேட், வண்டி நிறுத்துகிற இடம், நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி எல்லாம் கட்டடக் கணக்கில் சேரும். மரம் விழுந்தால் முதலில் அடிபடுவது இவைதானே. கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை, வீட்டுச் சாமானுக்குத் தானாகவே பாதுகாப்பு வந்துவிடுகிறது. இடிபாட்டை அள்ளிப் போடும் செலவுக்கு கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரைதான் தருவார்கள். மரம் வெட்டுகிறவர் கேட்கும் கூலியை அறிந்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு என்று தெரியும்.

தொகையைப் போடும்போது நம் ஆட்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. "என் வீடு ஒண்ணரை கோடி போகும், ஒண்ணரை கோடிக்கு எடுக்கணும்" என்பார்கள். நங்கநல்லூரில் அந்த ஒன்றரை கோடியில் பெரும்பங்கு மண். மண் மேல் மரம் விழுந்தால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதற்கு எடுத்தால் போதும். அப்படிப் பார்த்தால் பிரீமியம் காருக்குக் கட்டுவதைவிடக் குறைவாக வருகிறது, எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது.

சரி, சுவருக்கு வருகிறேன். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் பத்தடி ஓட்டை. அவர் ஓய்வு பெற்ற எஞ்சினியர். தெருவில் எல்லோருக்கும் எஞ்சினியர் சார். அவர் மனைவி ஓய்வு பெற்ற டீச்சர், எல்லோருக்கும் டீச்சர். ஓட்டை வழியாக இரண்டு வீட்டு சமையலறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. சுவர் கட்ட மேஸ்திரி முப்பத்தைந்தாயிரம் சொன்னார். அப்பா எஞ்சினியர் சாரிடம் போய்ப் பேசினார். "புயலுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? கடவுள் செயல்" என்றார் அவர். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். மரம் போனதில் அவருக்கும் துக்கம்தான்.

"கடவுள் செயல்" என்பது சட்டத்தில் நிஜமாகவே இருக்கிற வார்த்தை என்று பெரியப்பா மகன்தான் சொன்னார். மனிதர் யாரும் எதிர்பார்த்துத் தடுத்திருக்க முடியாத இயற்கைச் சீற்றத்தால் வந்த சேதத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்தக் கேடயத்துக்குள் எல்லோரும் ஒளிந்துகொள்ள முடியாது. நல்ல மரத்தைப் புயல் சாய்த்தால் அது கடவுள் கணக்கு. உளுத்த மரத்தைப் புயல் சாய்த்தால் கடவுளும் வீட்டுக்காரரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஒருவரால் இன்னொருவருக்கு வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கிற, வெள்ளைக்காரன் விட்டுப்போன தீங்கியல் வழக்குகளின் வழியில்தான் நடக்கிறது. வக்கீல் அண்ணன் போனில் இரண்டு வழக்குகளைச் சொன்னார். ஒன்று லண்டனில், 1951-ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சாலையோரத்து இடம் ஒன்றில் பெரிய எல்ம் மரம், நூறு வயசுக்கு மேல். ஓடும் கார் மேல் விழுந்தது. வேரில் நோய். ஆனால் வெளியே பார்க்க மரம் செழிப்பாக இருந்தது, ஒரு அறிகுறியும் இல்லை. மரம் இடத்துக்காரருடையதுதான், விழுந்ததும் அதுதான், ஆனாலும் அவர் பொறுப்பில்லை என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்க முடியாது.

இன்னொன்று நம்முடையது. 1964 ஆகஸ்டில் டெல்லியில் ஒருவர் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சாலையோர வேப்பமரத்தின் கிளை முறிந்து தலையில் விழுந்தது, இறந்துபோனார். மரம் மாநகராட்சியுடையது. பட்டுப்போன மரம். தோட்டத் துறை என்று ஒன்றை வைத்துக்கொண்டு அவ்வப்போது சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்காதது கவனக்குறைவு என்று முடிந்தது வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வருடம் 1999. முப்பத்தைந்து வருடம். ஒரு வேப்பங்கன்று நட்டு மரமாகி இன்னொரு தலைமுறை அதன் கீழ் உட்காரும் காலம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மரம் யாருது என்பது கேள்வியே இல்லை. அது விழும் நிலையில் இருந்தது என்று யாருக்குத் தெரியும், எப்போதிருந்து தெரியும், தெரிந்து என்ன செய்தார்கள்? அவ்வளவுதான் கேள்வி.

எஞ்சினியர் சாருக்குத் தெரியுமா? 2014-இல் அவர் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தோண்டினார். மரத்திலிருந்து நாலடியில். பொக்லைன் வேர்களை நேர்கோட்டில் வெட்டியதை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம். வேர்த்தட்டில் மொட்டையாக இருந்த பக்கம் அதுதான். அதற்கு மேல் கார் ஏற சிமென்ட் போட்டார். அடுத்த வருடம் அடிமரத்தில் அப்பளம் மாதிரித் தட்டுத் தட்டாகக் காளான் வந்தது. அம்மா துணி காயப்போடும்போது பார்த்துவிட்டுச் சுவர் மேல் எட்டி டீச்சரிடம் சொன்னாள்: "மரத்துல காளான் வந்திருக்கே, உள்ள உளுத்திருக்குமோ?" டீச்சர், "அவர்கிட்ட சொல்றேன்" என்றார்.

இதைச் சொன்னதும் அண்ணன் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதிக் கொடுத்தீங்களா?" என்றார்.

"இல்லண்ணா. அம்மா சுவத்து மேல எட்டிச் சொன்னாங்க."

"அது நோட்டீஸ் இல்லடா. அது சீரியல்."

ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி, "உங்கள் மரத்தின் அடியில் காளான் வந்திருக்கிறது, எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, பார்த்து ஆவன செய்யவும்", தேதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அவ்வளவு இருந்திருந்தால் கடவுளைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லியிருக்கலாம். அது இல்லாமல் போட்டோவை வைத்துக்கொண்டு வழக்கு போடலாம், ஜெயிக்கக்கூட செய்யலாம். ஆனால் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சுவருக்காக, கோர்ட் பீஸ் கட்டி, வாய்தா வாங்கி, தினமும் காலை வாசலில் பார்க்கிற மனிதரைப் பத்து வருடம் எதிர்வாதி என்று கூப்பிட வேண்டும்.

பாதிப் பாதி போட்டுக் கட்டினோம். டீச்சர் கொண்டுவந்து கொடுத்தார், கவரில். எஞ்சினியர் சாருக்குத் தெரிந்து கொடுத்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டிப் பார்க்கும் கிளையை வெட்டலாமா? நம் எல்லைக்குள் நீண்டு வந்த அளவுக்கு நாம் வெட்டிக்கொள்ளலாம், அவர் இடத்துக்குள் கால் வைக்காமல், முன்கூட்டிச் சொல்லவும் தேவையில்லை. இதுவும் 1894-இல் இங்கிலாந்தில் தீர்த்துவைத்த விஷயம், நம் நீதிமன்றங்களும் அதே வழிதான். ஆனால் வெட்டின கிளையும் அதிலிருக்கும் மாங்காயும் மரத்துக்காரருடையது. கிளையை வெட்டிவிட்டு மாங்காயை ஊறுகாய் போட்டால் மரத்துக்காரர் பணம் கேட்கலாம். இது தனியார் மரத்துக்கு மட்டும். தெருவில் நிற்கும் மாநகராட்சி மரத்தில் நாமாகக் கை வைக்கக் கூடாது, அனுமதி வேண்டும். சென்னையில் 1913-க்கு போன் பண்ணிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணும் ஒரு நோட்டீஸ்தான்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு நான் கெட்டிக்காரனாகத் திரிந்துகொண்டிருந்தபோது, 2022 அக்டோபரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து. சுவரைத் தாண்டினால் இருபதடி. தபால்காரரே, "அடுத்த வீட்டுலேருந்தா சார்?" என்று ஒரு மாதிரிச் சிரித்தார்.

எஞ்சினியர் எழுத்து. எண் போட்ட பத்திகள். எங்கள் வீட்டுத் தென்னை மரம் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 15 டிகிரி தன் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அடியில் சிவப்பாக ஒரு நீர் வடிகிறது, தஞ்சாவூர் வாடல் என்கிற தென்னை நோயாக இருக்கலாம் என்று சந்தேகம். அதன் விழும் எல்லைக்குள் தன் சோலார் பேனல்கள் எட்டு இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆவன செய்யவும். நகல்: கோப்புக்கு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆறு வருடம் முன் அவர் மரம் எங்கள் மேல் விழுந்தபோது கடவுள் செயல். எங்கள் மரம் நிற்கும்போதே பதிவுத் தபால். நேரே வந்து சொன்னால் என்ன? அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தென்னை மரத்தடிக்குப் போனார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். திரும்பி வந்து, "வடியுதுடா" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குத் தெரியும். நேற்று வரைக்கும் நாங்கள் லண்டன் எல்ம் மரத்துக்காரர். இன்றைக்கு டெல்லி மாநகராட்சி. ஒரு கடிதம் செய்த வேலை. இனிமேல் அது விழுந்து அவருடைய பேனல் உடைந்தால், புயல் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் அடித்திருந்தாலும் எங்கள் பக்கம் கடவுள் வந்து சாட்சி சொல்ல மாட்டார். அப்போது எங்களிடம் வீட்டுப் பாலிசி இருந்தது. ஆனால் அது எங்கள் வீட்டுக்கு. எங்களால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு இல்லை. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்று தனியாக இருக்கிறது, வீட்டுக்காரர் பேக்கேஜ் பாலிசிகளில் ஒரு பிரிவாக வரும். எடுத்தவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. எடுத்திருந்தாலும், எழுத்தில் எச்சரிக்கை வந்த பிறகும் சும்மா இருந்தவருக்கு அந்தப் பணம் சுலபமாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

தாத்தா வைத்த தென்னை. நவம்பர் இரண்டாம் வாரம் ஆளைக் கூப்பிட்டோம். வர்தாவுக்கு வந்தவரேதான், பையன் இப்போது பெரியவனாகி அவனே மரம் ஏறுகிறான். அவர் கீழே நின்று கயிறு பிடித்தார். உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அடித்துண்டை வெட்டியதும் நடுவில் பார்த்தேன். கை நுழையும் அளவுக்குப் பொந்து. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், எஞ்சினியர் சாருக்குப் பதில் கடிதமும் எழுதினேன், "தங்கள் கடிதம் கண்டு ஆவன செய்யப்பட்டது" என்று. அதையும் பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன். வீம்பு.

டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. ராத்திரி முழுக்கக் காற்று. நடுவில் ஒரு முறை எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்தப் பக்க ஜன்னலில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார், தென்னை இருந்த இடத்தை.

காலையில் அம்மா பால் வாங்கப் போனபோது, புது சுவர் மேல் டீச்சர் எட்டிக்கொண்டு நின்றார். புயல் எப்படி இருந்தது, கரன்ட் எப்போது வந்தது என்றெல்லாம் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "இவர் பாட்டுக்கு லெட்டர் எழுதி மரத்த வெட்ட வெச்சுட்டார். எங்க பக்கம் விழற மட்டையிலதான் நான் வருஷம் பூரா வெளக்குமாறு கட்டிட்டு இருந்தேன். இப்ப ஈர்க்குக்கு எங்க போறது, சொல்லுங்க."